இலுப்பெண்ணெய் உறையாத காலை

அண்ணே, காலைக் கொஞ்சம் அங்கிட்டு வச்சுக்கிறீங்களா? கேன் சாஞ்சிரப் போவுது. இல்லல்ல, பெட்ரோல் இல்ல. கண்டக்டர் மூஞ்சியப் பாத்தீங்கள்ல? பஸ்ஸோட எரிச்சுப்புடுவேன்னு நெனச்சுட்டாரு. மூடியத் தொறந்து மோந்து பாருங்கன்னேன். மோந்துட்டு, "என்னமோ நாத்தம், ஏறித் தொலை"ன்னாரு. நாத்தமாம்! படிச்ச மூக்குக்குத்தான்ணே இது புரியும். என் கண்ணைக் கட்டிப்புட்டு ரெண்டு கேனையும் மூக்குக்கிட்ட காட்டுங்க. எது செயின் ஆயிலு, எது டூ-டி ஆயிலுன்னு ஒரே இழுப்புல சொல்லிப்புடுவேன்.

பேரு அடைக்கலம். குருந்தங்குடி. மரம் அறுக்குற மிஷின் வச்சிருக்கேன். தேர் மரம் அறுத்த அடைக்கலம்னா இப்ப இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். நீங்க கேள்விப்படலையா? பரவால்ல, அறந்தாங்கி போறதுக்குள்ள கேள்விப்பட்டுருவீங்க.

சிரிக்கிறீங்க. சிரிங்க. நானும் பதினெட்டு நாளா சிரிச்சுக்கிட்டேதான் இருக்கேன். பெஞ்சாதி கேக்குறா, "தூக்கத்துலயும் எதுக்குப் பல்லக் காட்டுறீங்க"ன்னு. அம்மனே நம்ம மிஷினுக்குள்ள எறங்கி வந்திருக்கு, பல்லக் காட்டாம என்ன பண்ணச் சொல்ற?

ஆமாண்ணே, மிஷினுக்குள்ளதான். எண்ணெய் டாங்குல.

மொதல்ல எண்ணெயச் சொல்லிப்புடுறேன், அப்பத்தான் வெளங்கும். இந்தச் சின்ன கேன் இருக்குல்ல, இது டூ-டி. பெட்ரோல்ல கலக்குறது. உள்ள பிஸ்டன் ஓடுதே, அதுக்கு வழவழப்பு. கூடிப்போனா மிஷினு சாம்பிராணி போட்ட மாதிரி பொகையும். கொறஞ்சுபோனா பிஸ்டன் புடிச்சுக்கும், அம்புட்டுத்தான், கையில வெறும் இரும்பு. இந்தப் பெரிய கேன் செயின் ஆயிலு. வெளிய பல்லு பல்லா சுத்துமே செயினு, அதுக்கு. வெரல்ல தொட்டுப் பிரிச்சா நூலா இழுக்கணும். தண்ணியா இருந்துச்சுன்னா செயின் சுத்துற வேகத்துக்கு அம்புட்டும் நம்ம வேட்டிக்கு வந்துரும். உள்ளதுக்குள்ளது உள்ள, வெளியதுக்குள்ளது வெளிய. மாத்தி ஊத்தினா மிஷின் செத்துச்சு. இது சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

எங்க மச்சானுக்குத் தெரியாது.

மச்சான்னா அக்கா புருஷன். வைரக்கண்ணுன்னு பேரு. வழியில மேலக்காடு ஸ்டாப் வரும் பாருங்க, அந்த ஊரு. எங்க அக்கா இந்திராணியக் கட்டினவரு. நல்ல மனுசன்தான். இல்ல, நல்ல மனுசன்னு சொல்லக் கூடாது, பேச்சுவார்த்தை இல்ல. மூணு வருசம் ஆச்சு.

ரெண்டு பேரும் ஒரே மிஷினைக் கூட்டா வச்சு அறுத்துக்கிட்டுக் கெடந்தோம். சவுக்கு, தைலமரம், கருவேலம், எதுன்னாலும் எங்களைத்தான் கூப்புடுவாங்க. ஆனா எண்ணெயில ரெண்டு பேருக்கும் ஆகாது. அவரு என்ன பண்ணுவாருன்னா, லிட்டரு பெட்ரோலுக்கு நாப்பது மில்லி டூ-டின்னு அளந்து ஊத்துவாரு. எதால அளப்பாரு தெரியுமா? புள்ளைக்கு இருமல் மருந்து வாங்குவோம்ல, அந்த பாட்டில் மேல கவுத்தி ஒரு குட்டி மூடி வரும்ல, கோடு போட்டு, அதால! பத்து மில்லிக் கோடு வரைக்கும் ஊத்தி, கண்ணுக்கு நேரா தூக்கிப் பாத்து, ஒரு சொட்டுக் கூடினா திருப்பி பாட்டில்ல விடுவாரு. இப்படி நாலு தடவை. அதுக்குள்ள நான் ரெண்டு மரம் தள்ளிருவேன். அந்த மூடியையும் அக்கா மக மகிழினி பல்லு மொளைக்கிறப்ப கடிச்சு வச்சிருச்சு, ஓரமெல்லாம் பல்லுத் தடம். அதையும் தூக்கிப் போடாம டவுசர் பையில வச்சுக்கிட்டே அலைவாரு.

நமக்கு அதெல்லாம் கெடையாது. கண்ணு ஒரு அளவு, மூக்கு ஒரு அளவு. பெட்ரோல்ல ஊத்தி ஒரு குலுக்கு, ஒரு மோப்பம். கரெக்டா இருக்கும். பொகை வரும்தான். பொகை வராத மிஷினு எங்க இருக்கு?

அப்ப ஒரு நாளு தைலமரத் தோப்புல வேலை. ரெண்டு எண்ணெயும் ரெண்டு தண்ணி பாட்டில்ல இருக்கு. ஒரே மாதிரி பாட்டிலு. மச்சான் செயின் ஆயில் பாட்டில் கழுத்துல ஒரு ரப்பர் பேண்டு மாட்டி வச்சிருப்பாரு, அடையாளத்துக்கு. அதை நான் எடுத்து சோத்துப் பொட்டலத்துக்குப் போட்டுட்டேன், பொட்டலம் பிரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதுக்கென்ன? எனக்கு எதுக்கு ரப்பர் பேண்டு, மூக்கு இருக்கே. பெட்ரோல் தீந்துச்சு, கலக்கணும். பாட்டிலைத் தொறந்து மோந்தேன், ஊத்தினேன், இன்னொரு பாட்டிலை செயின் டாங்குல விட்டேன், அறுத்தேன். கால் மணி நேரம். கரும்பொகையா வந்துச்சு, பார் இருக்கே, அந்த நீளத் தகடு, அது காஞ்சு நீலம் பாஞ்சுபோச்சு, மிஷின் "ங்"ன்னுச்சு, நின்னுச்சு. பிஸ்டன் புடிச்சுக்கிச்சு.

மாறிப்போச்சு. எண்ணெய் மாறிப்போச்சு. மாத்தினது யாரு? பாட்டிலைப் பையில வச்சது மச்சான். ஊத்தினது நான்தான், இல்லங்கல. ஆனா மோந்து பாத்துட்டுத்தானே ஊத்தினேன்? அன்னைக்கு நமக்கு நல்ல ஜலதோஷம் வேற, மூக்குல மூச்சே போகல, அப்பவும் நான் மோந்து பாக்காம ஊத்தலையே! அந்தப் பொறுப்பு யாருக்கு வரும்?

அதுக்கு அந்த மனுசன், எட்டு கூலியாளு நிக்கிறாங்க, அவங்க முன்னாடி சொல்றாரு: "மாப்ளே, மூக்கை வச்சு மிஷின் ஓட்டாத. மூடிய வச்சு ஓட்டு." எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிக்கிறாங்க. எனக்கு எப்படி இருக்கும்? "இனிமே உங்க வீட்டு வாசப்படிய மிதிச்சா எம்பேரு அடைக்கலம் இல்ல"ன்னு சொல்லிட்டு பாரையும் செயினையும் கழட்டி எடுத்துட்டு வந்துட்டேன். அவருகிட்ட இன்ஜின், என்கிட்ட பாரு. ரெண்டு பேரும் ஆறு மாசம் அதை வச்சுப் பூசை பண்ணிக்கிட்டு இருந்தோம். அப்பறம் ஆளுக்கொரு புது மிஷினு வாங்கினோம்.

இதுல பாவம் யாருன்னா அந்தப் புள்ளதான். மகிழினி. அதுக்குக் காது குத்தணும்னு அடுத்த மாசமே நாள் குறிச்சிருந்தாங்க. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தானே குத்தணும்? நாந்தான் ஒரே மாமன். நான் போகல. போகல்லண்ணே, சொல்லிட்டேன்ல, வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு. வேற ஆள் மடியில வச்சுக் குத்துங்கன்னு ஊர்ல சொன்னாங்களாம். மச்சான் முடியாதுன்னுட்டாராம். வீம்பு! அன்னைக்குத் தள்ளி வச்சது, புள்ளைக்கு இப்ப அஞ்சு வயசு. பள்ளிக்கூடம் போவுது, மொட்டைக் காதோட. திருவிழாவுல ஒரு நாள் பாத்தேன், வளையல் கடையில நின்னு ஒரு குட்டி ஜிமிக்கிய எடுத்துக் காதுக்கு நேரா வச்சுப் புடிச்சுக்கிட்டு கண்ணாடியப் பாக்குது. கைய எடுத்தா விழுந்துருமேன்னு புடிச்ச கைய எடுக்கல. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. நான் அங்கிட்டுத் திரும்பிக்கிட்டேன்.

அதை விடுங்க. சந்தோசமான விசயம் சொல்ல வந்துட்டு என்னென்னமோ பேசுறேன்.

தேருக்கு வாங்க. எங்க ஊரு பெரியநாயகி அம்மன் தேரு சக்கரம் நாலும் உளுத்துப்போச்சு. புதுச் சக்கரம் பண்ணணும். இலுப்பை மரம்தான் வேணும்னு தேர் ஆசாரி சொல்லிட்டாரு. கோயில் நெலத்துலயே ஒரு இலுப்பை, மூணு பேர் கை கோத்தாத்தான் கட்டும். அனுமதியெல்லாம் வாங்கியாச்சு. யாரு அறுக்குறது? சுத்துப்பட்டுல பெரிய பாரு வச்ச மிஷினு ரெண்டே ரெண்டு. ஒண்ணு என்னோடது, ஒண்ணு மச்சானோடது.

கோயில் மண்டபத்துல கூட்டம். அம்பலகாரர்தான் கோயிலுக்குப் பெரியவரு, நடுவுல உக்காந்திருக்காரு. ஆசாரி எந்திரிச்சு ஒரு குண்டு போட்டாரு. "தேருக்கு மரம் வெட்டுற கோடாலி முனைக்கு நெய்யும் தேனும் பாலும் தடவி, மரத்துக்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் வெட்டணும். மரத்துக்கு வலிக்கக் கூடாது. அதுதான் முறை. மிஷினுக்கு என்ன தடவுவீங்க?" அப்புடின்னாரு. எல்லாரும் எங்க ரெண்டு பேரையும் பாக்குறாங்க. நான் சும்மா இருப்பனா? "ஆசாரி, கோடாலிக்கு ஒரு முனை. நம்ம செயினுக்கு எழுபது பல்லு. ஒவ்வொரு பல்லுக்கும் தேன் தடவினீங்கன்னா மரம் விழறதுக்கு முன்னாடி எறும்பு வந்து என்னையத் தள்ளிரும்"னேன். சிரிப்பு தாங்கல. ஆசாரியும் சிரிச்சுட்டாரு.

ஆனா விடல. "அந்தச் செயினுக்கு ஊத்துற எண்ணெய் என்னது? பட்டறையில வண்டியிலேருந்து வடிச்ச கருப்பு எண்ணெயா? அது அம்மன் மரத்துல படக் கூடாது"ன்னாரு. நியாயந்தான. சுத்தமான எண்ணெய் வேணும். சாமிக்கு ஏத்தற எண்ணெயா இருக்கணும். எந்த எண்ணெய்?

மச்சான் தூணுல சாஞ்சு உக்காந்திருந்தாரு. மொள்ளமா சொன்னாரு: "நல்லெண்ணெய் ஊத்தலாம். ஒரு நாள் வேலைக்குத் தாங்கும்."

நான் விட்டனா? "நல்லெண்ணெய்யா? கூடவே ரெண்டு இட்லியும் பொடியும் கொண்டாங்க, மிஷினு சாப்பிடட்டும்"னேன். மண்டபமே அதிருது. உடனே எந்திரிச்சு நின்னேன். அம்மன்தான் என் நாக்குல நின்னு பேசுச்சு அன்னைக்கு. "பெரியவங்களே, வெட்டப் போறது இலுப்பை. சாமிக்கு வெளக்கு ஏத்துறது இலுப்பெண்ணெய். அந்த மரத்தோட எண்ணெயையே அந்த மரத்துக்குத் தடவி அறுத்தா மரத்துக்கு வலிக்குமா? தாய்ப்பால் மாதிரி ஆச்சே!"ன்னேன். அம்பலகாரர் கண்ணு கலங்கிருச்சுண்ணே. சத்தியமா. ஆசாரி கையெடுத்துக் கும்புட்டாரு.

மச்சான் மட்டும், "தை மாசப் பனியில இலுப்பெண்ணெய் உறையும் மாப்ளே. எண்ணெய் ஓட்டை அடைச்சுக்கும்"னாரு. மாப்ளேங்குறாரு! மூணு வருசம் கழிச்சு! நான் அவரைப் பாக்காம அம்பலகாரரைப் பாத்து, "பொறாமைக்காரங்க பேச்சைக் கேக்காதீங்கய்யா"ன்னேன். வேலை நம்மளுக்கு. மொத வெட்டும் நமக்கு, பரிவட்டமும் நமக்கு.

இப்ப கவனிங்கண்ணே, இதுலதான் உசுரே இருக்கு. மிஷின் பாதியில நின்னுச்சுன்னா என்ன அர்த்தம்? மரம் சம்மதிக்கலைன்னு அர்த்தம். அப்பறம் அந்த மரத்தைத் தொட மாட்டாங்க, தேர் அந்த வருசம் ஓடாது. தேரை நிறுத்தினவன்னு ஊரு காலத்துக்கும் சொல்லும். பொண்ணு கேட்டுக்கூட எவனும் நம்ம வீட்டுக்கு வர மாட்டான். எனக்குப் பொண்ணு இல்ல, பையன்தான், இருந்தாலும் சொல்றேன்.

மொத நாள் சாயங்காலம் முறைப்படி மிஷினுல பெட்ரோலு, எண்ணெய் எல்லாம் ரொப்பி, மஞ்சத் துணி சுத்தி, பொட்டு வச்சு மரத்தடியில வச்சுட்டோம். ராத்திரி அங்கதான் இருக்கணும், மரம் அதைப் பாக்கணும், பறவையெல்லாம் வேற எடம் பாத்துக்கணும். அக்கா வந்திருந்துச்சு சாமி கும்புட. என் பக்கத்துல வந்து, "டேய், இலுப்பெண்ணெய்தான் ஊத்தினியா?"ன்னுச்சு. ஆமான்னேன். "நெசமாவா?"ன்னுச்சு. ஆமாங்குறேன்ல. ஒரு மாதிரி பாத்துட்டுப் போயிருச்சு. அம்புட்டுத்தான் பேசுச்சு. எனக்கு வேற மூக்கடைப்பு, பனி ஒத்துக்கல.

விடிகாலை அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் போனேன். பனின்னா பனி, அப்படி ஒரு பனி. மரத்தடிக்குப் போனா மச்சான் உக்காந்திருக்காரு! துண்டைப் போத்திக்கிட்டு, மிஷினுக்குப் பக்கத்துல. நான் தோக்குறதைப் பாக்க மொத ஆளா வந்து எடம் புடிச்சிருக்காருன்னு நெனச்சேன். ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் எண்ணெய் மினுமினுங்குது. அன்னைக்குப் புதன்கிழமை, எண்ணெய் தேச்சுக் குளிக்கப் போறாரு போல. அந்தக் குளிர்ல! மனுசனுக்கு என்ன ஒடம்புன்னு நெனச்சுக்கிட்டேன். என்னையப் பாத்ததும் எந்திரிச்சு அங்கிட்டுப் போயிட்டாரு.

மிச்சம் இருந்த இலுப்பெண்ணெய் கேன் பக்கத்துல இருந்துச்சு. மூடியத் தொறந்தேன். அண்ணே... வெண்ணெய். கட்டி வெண்ணெய். கவுத்தா ஒரு சொட்டு விழல. சனம் வர ஆரம்பிச்சாச்சு. மேளம் வந்தாச்சு. ஆசாரி கத்தி எடுத்து மரத்துல கோடு போடுறாரு. இனிமே என்ன பண்றது? மனசுக்குள்ள, "ஆத்தா, பெரியநாயகி, நான் கொஞ்சம் வாய்க்கொழுப்பு புடிச்சவன்தான், இன்னைக்கு மட்டும் காப்பாத்து"ன்னேன்.

கயித்தை இழுத்தேன். நம்ம மிஷினு எப்பவும் ஏழெட்டு இழுவைக்கு அப்பறம்தான் எந்திரிக்கும். அன்னைக்கு? ரெண்டாவது இழுவை! பொகை? மருந்துக்கும் கெடையாது. சத்தம்னா சத்தம், நாதஸ்வரத்தோட சேந்து பாடுது.

அம்பலகாரர் கிட்ட வந்து, "எண்ணெய் வருதாப்பா"ன்னு கேட்டாரு. எண்ணெய் வருதான்னு பாக்க நாங்க ஒண்ணு செய்வோம், பார் நுனிய வெள்ளையா எது முன்னாடியாச்சும் புடிச்சு முறுக்கினா, எண்ணெய் தெறிச்சு ஒரு கோடு விழும். அவரே தோள்ல கெடந்த வெள்ளைத் துண்டை விரிச்சுப் புடிச்சாரு. நான் கண்ணை மூடிக்கிட்டு முறுக்கினேன். தொறந்து பாக்குறேன்... துண்டு மேல தங்கக் கோடு மாதிரி ஒரு கோடு! கேன்ல உறைஞ்ச எண்ணெய் மிஷினுக்குள்ள தண்ணியா ஓடுது! எப்படி? சொல்லுங்கண்ணே, எப்படி?

அம்பலகாரர் துண்டை மோந்து பாத்துட்டு, "என்னப்பா, நல்லெண்ணெய் வாசம் வருது"ங்குறாரு. எனக்கு ஒண்ணும் தெரியல, மூக்கடைப்பு. ஆசாரி மோந்தாரு. "ஆமா, நல்லெண்ணெயேதான்"னாரு. அப்பறம் எனக்குத்தான் பொறி தட்டுச்சு. "பெரியவங்களே, நான் ஊத்தினது இலுப்பெண்ணெய். ஊரே பாத்துச்சு. வாசம் மாறியிருக்குன்னா மாத்தினது யாரு? அம்மன்!"னு கத்தினேன். பொம்பளைங்க கொலவை போட்டாங்க பாருங்க, எனக்கு மயிர்க்கூச்செடுத்துருச்சு. ரெண்டு பேருக்கு அருள் வந்துருச்சு. நான் அறுத்தேன்ணே. வாழைத்தண்டை அறுக்குற மாதிரி போவுது பாருங்க. ஆசாரி போட்ட கோட்டுல ஒரு வெரக்கடை அங்கிட்டு இங்கிட்டு இல்லாம மரம் வந்து படுத்துச்சு.

பரிவட்டம் கட்டுனாங்க. மாலை போட்டாங்க. என்னையத் தூக்கிக்கிட்டு ஊரைச் சுத்துனாங்க. மச்சான்? ஒரு வார்த்தை பாராட்டல. கூட்டத்துக்கு ஓரமா நின்னு, என் பக்கம் பாக்காம, காத்துக்கிட்ட பேசுற மாதிரி, "செயினையும் டாங்கையும் இன்னைக்கே மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிரணும். இல்லாட்டி பிசினா ஒட்டிக்கும்"னு சொல்லிட்டுப் போனாரு. பாத்தீங்களா புத்தியை? அம்மன் எறங்கின மிஷினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவணுமாம்! நான் கழுவல. ஒரு வாரத்துல பிசினா ஒட்டிக்கிச்சு. அது வேற விசயம். கண்ணு பட்டிருக்கும்.

அந்தத் தேதியிலேருந்து நான் வெள்ளைச் சட்டைதான். எண்ணெய் வாங்கக்கூட வெள்ளைச் சட்டை. கடைக்காரர் நாற்காலி எடுத்துப் போடுறாரு, "எந்த ஆயில்ணே நல்லது"ன்னு என்கிட்ட கேக்குறாரு!

என்னண்ணே சிரிக்கிறீங்க? இல்ல, அப்பலேருந்து பாக்குறேன், ஒரு மாதிரி சிரிக்கிறீங்க. நம்பலையா? ஆதாரம் இருக்கு. பாருங்க, பையிலயே வச்சிருக்கேன். அன்னைக்கு மரத்தடியில மஞ்சத் துணிய எடுக்கிறப்ப, மிஷினுக்கு அடியில கெடந்துச்சு. குட்டி மூடி. அம்மன் அளந்து ஊத்திட்டு வச்சுட்டுப் போனது. இதால அளந்துதான் இப்ப டூ-டி ஊத்துறேன், யாருகிட்டயும் சொல்லல. பொகையே வர்றதில்ல. இல்லண்ணே, இருமல் மருந்து மூடியெல்லாம் இல்ல... அந்த மாதிரிதான் இருக்கும். கோடு போட்டிருக்கு. ஓரத்துல எலி கடிச்சு வச்சிருக்கு பாருங்க, வயக்காட்டு எலி.

நீங்க என்ன தொழில்ணே? கேக்கவே இல்ல.

செக்கா? எண்ணெய்ச் செக்கா! அடடே, மொதல்லயே சொல்லக் கூடாதா. கடலை, எள்ளு... இலுப்பையும் ஆட்டுவீங்களா? அப்ப உங்களுக்குத்தான் நல்லா வெளங்கும். கேன்ல உறைஞ்சது டாங்குல உறையாம இருக்குமா?

உறையும்?

கட்டாயம் உறையும்?

அப்ப அது...

எலி இம்புட்டு வட்டமாவா கடிக்கும்?

இருங்கண்ணே. கொஞ்சம் புடிங்க இந்தக் கேனை. இன்னைக்கு மூக்கு நல்லாத்தான் இருக்கு. உள்ள டூ-டி வாசம், அது நான் ஊத்தினது. ஓரத்துல... இது நாலு பல்லு. மேல ரெண்டு, கீழ ரெண்டு. மகிழினிக்கு அப்ப நாலு பல்லுதான். நான் தூக்கி வச்சிருக்கிறப்ப என் மூக்கைக் கடிக்கும்.

முழங்கை வரைக்கும் எண்ணெய்ண்ணே. புதன்கிழமைன்னு நெனச்சேன். அந்தப் பனியில, இருட்டுல, உறைஞ்சதை வெரல விட்டு வழிச்செடுத்து, டாங்கைத் தொடைச்சு, அவரு எண்ணெயை ஊத்தி... பெட்ரோலையும் கீழ கொட்டிட்டுப் புதுசா கலந்திருக்காரு, அளந்து, நாலு தடவை, கண்ணுக்கு நேரா தூக்கிப் பாத்து. அக்கா போய்ச் சொல்லியிருக்கு. ஊரு முன்னாடி நான் அவரை இட்லி, பொடின்னு கேலி பண்ணேன். பொறாமைக்காரன்னு சொன்னேன். சும்மா இருந்திருந்தா அடுத்த வருசம் வேற மரம் பாத்து, அந்த வேலை அவருக்கு வந்திருக்கும்ல? பரிவட்டமும்தான்.

அந்த ரப்பர் பேண்டையும் நான்தாண்ணே எடுத்தேன். மூக்கு அடைச்சிருந்துச்சு. ரெண்டு தடவையும் மூக்கு அடைச்சிருந்துச்சு. மாத்தி ஊத்தினது நான்தான். எல்லாம் நான்தான்.

அழல்லண்ணே. எண்ணெய்க் காரம்.

எந்த ஊரு வருது? மேலக்காடா? யோவ் கண்டக்டர்! நிறுத்து, நிறுத்து, எறங்கணும்! டிக்கெட் குருந்தங்குடிக்குத்தான்யா, மிச்சத்தை நீ வச்சுக்க!

சமாதானத்துக்கெல்லாம் போகல்லண்ணே, தப்பா நெனைக்காதீங்க. சண்டைக்குப் போறேன். என் மிஷினுல என்னையக் கேக்காம எவன் எண்ணெய் மாத்துறது? நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கப் போறேன். வாசப்படியில நின்னே கேப்பேன். ஏறி நின்னு கேப்பேன். "யோவ் மச்சான், உன் மூடி இந்தா, வச்சுக்க"ன்னு மூஞ்சியில வீசப் போறேன். அவரு ஏதாச்சும் சொல்லட்டும். சொன்னாருன்னா நல்லது. மூணு வருசமா அந்த மனுசன் வாயால ஒரு திட்டு வாங்கல நான்.

கேனை இப்புடி குடுங்க. ரெண்டையும் குடுங்க. டூ-டியை அவருக்கே வச்சுட்டு வந்துருவேன்.

அண்ணே, ஒண்ணே ஒண்ணு. இப்படித் திரும்புறேன், பாத்துச் சொல்லுங்க. வேட்டியில எண்ணெய் பட்டிருக்கா? மடிப் பக்கம். நல்லா பாருங்க. புள்ளை சண்டைய வேடிக்கை பாக்க வந்து, அப்படியே மடியில உக்காந்துருச்சுன்னா, அதோட பாவாடையில கறை ஒட்டிக்கும்ல.